கோணையாகப் போன ஒரே பைப்

காலை எட்டரை மணிக்குள் பதினான்கு சுவர்க் கடிகாரங்கள் வந்து சேர்ந்துவிட்டன. பால் காய்ச்சியது ஆறேகாலுக்கு. ஹோமப் புகைகூட இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை, அதற்குள் பதினான்கு. நம் ஜனங்களுக்குப் புது வீடு என்றால் கடிகாரத்தைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது. அந்த வீட்டுக்காரர்கள் அதுநாள்வரை நேரமே தெரியாமல் காலம் தள்ளினார்கள் என்று நினைப்பு போலிருக்கிறது. சரி, கொடுத்தோமா, சாப்பிட்டோமா என்று போவார்களா? தாங்கள் கொடுத்தது சுவரில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பந்திப் பக்கமே திரும்புவார்கள். அதற்கு ஆணி வேண்டும். "ஒரு ஆணி இருந்தா குடுங்களேன்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் கொளஞ்சி அவர் கையில் சுத்தி இருக்கிறதா என்று பார்த்தான்.

கொளஞ்சி அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன். வீட்டுக்காரி தமிழ்ச்செல்வியின் கூடப் பிறந்த தம்பி. ஊர் சிதம்பரம். இந்த வீடு கடலூர் செம்மண்டலத்துக்குப் பின்னால் புதிதாக வந்த நகரில் இருக்கிறது. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். எட்டு மாதம் அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் போகவும் வரவும் செலவழித்துத்தான் அக்காள் வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தான்.

தொழிலில் அவனுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சுவருக்குள் புதைகிற பைப், சுவிட்சிலிருந்து நேர் மேலே போக வேண்டும். இல்லையென்றால் நேர் குறுக்கே. கோணையாகப் போகவே கூடாது. இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவன் அந்தச் சுவரில் ஆணி அடிக்க வந்தாலும், சுவிட்சைப் பார்த்ததும் வயர் எந்த வழியாகப் போகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பைப் ஆழமாக உட்காராத இடத்தில் அதன்மேல் ஒரு தகரப் பட்டையைப் பதிப்பான். ஆணி வந்தால் தகரத்தில் பட்டு வளையும், வயருக்கு ஒன்றும் ஆகாது, ஆளுக்கும் ஒன்றும் ஆகாது. பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்து, அதைப் பிரிண்ட் போட்டு மெயின் போர்டுக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டைக் கையில் கொடுப்பான். சிதம்பரத்தில் அவன் வேலை செய்த வீடுகளில் போய்க் கதவைத் திறந்து பாருங்கள், இருக்கும்.

இவ்வளவு பேசுகிறவன் பன்னிரண்டு வருஷத் தொழிலில் ஒரே ஒரு பைப்பைக் கோணையாகப் போட்டான். அது எங்கே என்றால், அக்காள் வீட்டில், நடுக் கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில்.

நடந்தது இதுதான். அந்தச் சுவரின் வலது மேல் மூலையில், வயர்கள் கூடிப் பிரிகிற ஜங்ஷன் பாக்ஸ். இடது கோடியில் பூஜை அறைக் கதவு. பூஜை அறை சுவிட்ச் கதவுக்கு உள்ளே என்றுதான் முதலில் பேச்சு. மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில், அக்காளின் மாமியார் சௌந்தரம், யாரோ வாஸ்து சொன்னார் என்று சுவிட்சைக் கதவுக்கு வெளியே கூடத்துப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டார். மேஸ்திரி அந்தச் சுவரைப் பூச மணலைச் சலித்துக் கலவைக்குத் தயாராக நிற்கிறார். குறுக்கே போய்க் கீழே இறக்க வேண்டுமென்றால் பைப் புதையச் சுவரில் காடி வெட்டவே அரை நாள். மூலையிலிருந்து சாய்வாக ஒரே இழுப்பாக இழுத்தால் ஒரு மணி நேரம். கொளஞ்சி சாய்வாக வெட்டினான். வெட்டிய கை கூசியது. சரி, மேலே முழுக்கத் தகரம் பதித்துவிடுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிதம்பரத்தில் வெட்டி வைத்திருந்த பட்டைகளை எடுத்துவரப் பஸ் ஏறினான். போட்டோவையும் தகரத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் சுவர் வழவழவென்று பூசி முடிந்திருந்தது. மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். "கலவ இறுகிப் போவும் தம்பி, எவ்ளோ நேரம் வச்சிருக்கறது?" என்றார்.

அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் ஈரப் பூச்சைச் சுரண்டுகிற வேலையோடு முடிந்திருக்கும். கொளஞ்சி திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றான். நாளை என்பது வாரமாகி, வர்ணம் அடித்து, தரையில் டைல்ஸ் ஒட்டி, ஆவணி மாதம் வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழாவே வந்துவிட்டது. முந்தின நாள், சுவருக்குள் வயர் இருக்கும் இடத்தில் பீப் அடிக்கிற கருவியைக் கொண்டுவந்து தடவிப் பார்த்தான். வெடிப்பு விடக் கூடாது என்று மேஸ்திரி சுவர் முழுக்கக் கோழிவலை அடித்துப் பூசியிருந்ததால், அது சுவர் முழுக்கப் பீப் அடித்தது. பாக்ஸும் சுவிட்சும் எங்கே என்று தெரியும்; பாக்ஸிலிருந்து எவ்வளவு இறங்கிச் சாய்ந்தது, சுவிட்சண்டை எங்கே வளைந்தது என்பது நினைவில்லை. நடுச் சுவரில் அவன் போட்ட பைப் எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாத நிலைமை.

சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. அக்காளின் வீட்டுக்காரர் இளவரசு சிங்கப்பூரில் வேலை. அவருடைய தாய்மாமன் கலைமணி, சேத்தியாத்தோப்புக்காரர், வயரிங்குக்குத் தெரிந்த ஆளைப் பேசி வைத்திருந்தார். "சொந்தக்காரங்கிட்ட வேல குடுத்தா வேலயும் சரியா நடக்காது, சொந்தமும் நிக்காது" என்று கூட்டத்தில் வைத்தே சொன்னார். தமிழ்ச்செல்விதான், "என் தம்பி கை வச்சா ஒரு கொற சொல்ல முடியாது" என்று புருஷன் வீட்டாரோடு மல்லுக்கட்டி வேலையை வாங்கிக் கொடுத்தாள். அவள் பட்டுப்புடவையும் பூவுமாக, சொந்த வீட்டில், இத்தனை பேர் நடுவே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்குப் போய் அந்த வாயை அடைப்பதா? ராத்திரிக்குள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஞாயிறு வந்து சுவரை உடைத்துச் சரிசெய்துவிடலாம். அதுவரைக்கும் இந்தச் சுவரில் ஒரு ஆணி இறங்கக் கூடாது. ஷாக் அடித்தால் தானாக விழுகிற ட்ரிப்பர் போட்டிருக்கிறான்தான். அது வேலை செய்கிறதா என்பதை ஒருவருடைய உயிரை வைத்துச் சோதித்துப் பார்க்க அவன் தயாராக இல்லை.

ஆகவே கொளஞ்சி போய் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

ஏழரை மணிக்குச் சாய்ந்தவன் ஒன்பது மணிக்கும் அங்கேயேதான் நின்றான். முதலில் ஒரு பெரியவர் கண்ணாடி போட்ட சாமி படத்தோடு வந்தார். "இந்தச் செவுரு இன்னும் காயல தாத்தா" என்று அனுப்பினான். ஆறு மாதமாகக் காயாத சுவரா என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன். அடுத்தது கடிகாரத்தோடு இரண்டு பெண்கள். "பதினஞ்சாவது கடியாரமா? அக்காகிட்ட குடுங்க, லிஸ்ட்ல எழுதிக்குவாங்க" என்றான். அப்படி ஒரு லிஸ்ட்டே கிடையாது. நடுவில் மூத்திரம் முட்டியது. அதையும் அடக்கிக்கொண்டான்.

இதில் அவன் கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்து நின்றால் பக்கத்துக் கதவு வழியாகப் பின்கட்டுப் பந்தல் தெரியும். பந்தலில் இளவரசி பரிமாறிக்கொண்டிருந்தாள். இளவரசுவின் தங்கை. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வாளியும் கரண்டியுமாக அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொளஞ்சியின் பார்வை அங்கே இருந்தது. பாவம், அவன் பார்த்தது அவளை இல்லை; யார் கையில் சுத்தி இருக்கிறது என்று. சரி, முழுக்க இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

கல்யாண வயசில் ஒரு பையன் சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் ஒரே திசையில் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

"மச்சான், செவுரு தானா நிக்கும். நீ முட்டுக்குடுக்க வேணாம்" என்று இளவரசு தோளைத் தட்டிவிட்டுப் போனார். சௌந்தரம் அத்தை இரண்டு முறை வந்து அவனைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு போனார். தமிழ்ச்செல்வி தட்டில் பொங்கலும் வடையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"பந்தியில வந்து ஒக்காரேண்டா. அவ கையால சாப்ட வேணாமா?"

"எவ கையால?"

"ஏண்டா, எனக்கே கத வுடற?"

"அக்கா, நீ நெனைக்கற மாதிரி இல்லக்கா."

"எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று அவள் குதிபோட்டுக்கொண்டு போனாள். தம்பிக்குப் பெண் பார்த்துப் பார்த்து மூன்று வருஷமாக அலுத்திருந்தவள். சந்தோஷம் அவள் நடையிலேயே தெரிந்தது. கொளஞ்சி வடையைக் கடித்தான்.

ஒன்பதரை மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கலைமணி இறங்கினார். கொளஞ்சிக்கு முறையில் பெரியப்பா. பின்னாலேயே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு கடிகாரம். கடிகாரம் என்று சொன்னால் போதாது. மூன்றடி உயரம், தேக்கு மரக் கூடு, கீழே ஊசலாடுகிற பித்தளைத் தட்டு. தாய்மாமன் சீர். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். கலைமணி தோள் பையிலிருந்து தன் சொந்தச் சுத்தியையும் நாலு அங்குல ஆணிகளையும் எடுத்தார். விசேஷ வீட்டில் கேட்டால் அம்மிக்குழவியைத்தான் கொடுப்பார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஏத்திடணும். வாசல்ல நொழையறவன் கண்ணுக்கு மொதல்ல இதான் படணும்" என்றவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கொளஞ்சி இருந்தான். "தம்பி, கொஞ்சம் நவுரு."

கொளஞ்சி நகரவில்லை.

"பெரியப்பா, அந்தப் பக்கத்துச் செவுத்துல மாட்டுனா வெளிச்சம் நல்லா விழும்."

"வெளிச்சம் விழுந்தா என்னா, இருட்டு விழுந்தா என்னா, மணி அடிச்சாக் கேக்கப் போவுது. நவுருப்பா."

"ட்ரில்லு போட்டு நானே நாளைக்கு மாட்டித் தரேன்."

"தாய்மாமன் சீரு. என் கையால ஏறணும். நீ என்னா நாளைக்கு மாட்டறது?" அவர் நாற்காலியைப் போட்டு ஏறினார். கொளஞ்சியின் தலைக்கு மேல் கையை நீட்டி, சுவரின் நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கொளஞ்சி அண்ணாந்து அந்தப் புள்ளியைப் பார்த்தான்.

"பெரியப்பா... எனக்குக் கிறுகிறுன்னு வருது."

உண்மையாகவே வந்தது. முகம் வேர்த்திருந்தது. "காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தா வராதா? தண்ணி கொண்டாங்க!" என்று தமிழ்ச்செல்வி குரல் கொடுத்தாள். அந்த வீட்டில் அப்போது நாற்பது பேர் இருந்தார்கள். தண்ணீர் கொண்டுபோக யாரை அனுப்ப வேண்டும் என்பதில் நாற்பது பேருக்கும் ஒரே கருத்து.

இளவரசி சொம்பை நீட்டினாள். அவள் அவனை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. 'இந்தாங்க', 'ஏங்க' என்பதோடு சரி.

"இந்தாங்க. எல்லாரும் என்னா பேசிக்கறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"என்னத்தான் பாக்கறீங்களா?" அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இல்ல, செவுத்துல வேற ஏதாவது இருக்கா?"

கொளஞ்சி அவளைப் பார்த்தான். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல், இவளிடம் போடு என்றது. குரலைத் தாழ்த்தி, "உள்ள ஒரு பைப்பு..." என்று ஆரம்பித்தான்.

"அந்தக் கோணப் பைப்பா?"

சொம்புத் தண்ணீர் அவன் சட்டையில் கொட்டியது.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தான் அன்னிக்கே அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேனே, இது மட்டும் ஏன் கோணையாப் போவுதுன்னு. மச்சானுக்கு எல்லாம் தெரியும், நீ வாய மூடுன்னு அண்ணன் சொல்லிடிச்சி."

விஷயம் என்னவென்றால், சிங்கப்பூரிலிருந்த இளவரசுவுக்குப் போட்டோவில் பார்த்தால் அளவு பிடிபடாது. ஜன்னல் எவ்வளவு உயரம், தொட்டி எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்காக இளவரசி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் போய் நின்று, அம்மாவை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அவள் உயரம் அண்ணனுக்குத் தெரியும். அதை வைத்து மற்றதைப் புரிந்துகொள்வார். அந்த வீட்டின் நிலை, படிக்கட்டு, கக்கூஸ் எல்லாவற்றோடும் அவள் போட்டோ உண்டு.

"அது இப்ப இருக்கா?"

"இருக்கும். ஆயிரத்து எழுநூறு போட்டோ இருக்கு. தேடணும்."

"தம்பி, மயக்கம் தெளிஞ்சிதா? மணி பத்தாவப் போவுது!" கலைமணி சுத்தியை உள்ளங்கையில் தட்டினார்.

இளவரசி போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள். கொளஞ்சி அக்காளைத் தேடினான். கூட்டத்தின் முன்வரிசையில் கைகட்டி, பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். போட்டோ கிடைத்தால் யாரிடமும் சொல்லாமலேகூடச் சமாளித்துவிடலாம். ஆனால் போட்டோ கிடைக்குமா, அதற்குள் இவர் சுத்தியை ஓங்கிவிடுவாரா? பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இவளிடம் பாதி சொன்ன பிறகு மீதியை மூடி வைக்க அவனால் முடியவில்லை.

"பெரியப்பா, எறங்குங்க. எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தச் செவுத்துக்குள்ள நான் வயரக் கோணையாப் போட்டிருக்கேன். மேல தகரமும் வைக்கல. எங்க போவுதுன்னு எனக்கே தெரியாது. ஆணி அடிச்சா உசுருக்கு ஆவத்து. தப்பு என்னுதுதான். மேஸ்திரி மேலயும் இல்ல, அத்த மேலயும் இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. அக்கா, மன்னிச்சிக்க."

ஹோமத்துக்காகப் போட்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தமிழ்ச்செல்வியின் முகம் சிவந்தது. நாலு எட்டில் வந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் அவன் கண்ணை மூடினான்.

"காலைலேர்ந்து இதுக்காடா ஒண்ணுக்குக் கூடப் போவாம நின்ன? லூசு!" அவள் குரல் உடைந்தது. கையில் இருந்த முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "எங்கிட்ட சொல்றதுக்கு ஒனக்கு என்னாடா?"

கலைமணி நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தார். "நான் அப்பவே சொன்னேன், சொந்தக்காரங்கிட்ட..." என்று ஆரம்பித்தவரை ஒரு கூச்சல் நிறுத்தியது.

"கெடச்சிடிச்சி!"

இளவரசி போனை உயர்த்திக் காட்டினாள். செங்கல் சுவர். அதில் சாம்பல் நிறப் பைப், வலது மேல் மூலையிலிருந்து இடது பக்கம் சரிந்து இறங்குகிறது. சுவரோடு ஒட்டி, வெறுங்காலோடு அவள் நிற்கிறாள். இடது கையைப் பைப்பின் மேலேயே சாய்வாக உயர்த்தி வைத்துக்கொண்டு, 'இதைப் பாருங்கள்' என்பது போல் சிரிக்கிறாள். தோளிலிருந்து விரல் நுனிவரை கையும் பைப்பும் ஒரே கோடு.

"டேப் இல்லயே, எப்பிடி அளக்கறது?" என்றார் இளவரசு.

"நான் இருக்கேன்ல" என்றாள் இளவரசி. போனைக் கொளஞ்சியிடம் நீட்டிவிட்டுச் சுவரண்டை போனாள். "ஏங்க, போட்டோவப் பாத்துச் சொல்லுங்க. தெனம் அம்பது பேர நிக்க வைக்கறேன், நான் நிக்க மாட்டேனா?"

கொளஞ்சி போனைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் எடப் பக்கம்... கதவு நெலைக்கும் ஒனக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கு போட்டோல. ஆங், அங்கதான். தோள எறக்கு."

"தாடைய?"

"கொஞ்சம் தூக்கு."

"சிரிக்கணுமா?" என்று பந்தல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"போட்டோவுல சிரிக்கறா. அப்ப சிரிச்சித்தான் ஆவணும்" என்றார் சௌந்தரம் அத்தை. கூடம் கொல்லென்று சிரித்தது. இளவரசியும் சிரித்தாள். கொளஞ்சிக்குக் காது சூடானது. அவள் உயர்த்திய கையை அவன் தொடாமல் தொடாமல் சரிபார்த்து, தோளண்டை ஒரு புள்ளி, விரல் நுனியில் ஒரு புள்ளி சாக்பீஸால் வைத்தான். அவள் விலகினாள். இளவரசு ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகக் கயிற்றைப் பிடித்து, இரண்டு புள்ளிகளையும் தொட்டு வலது கோடிவரைக்கும் ஒரு கோடு இழுத்தார்கள்.

கோடு, கலைமணியின் பென்சில் புள்ளிக்கு இரண்டு அங்குலம் மேலே போயிற்று.

"அட, எம் புள்ளி தப்பிச்சிடிச்சிடா!" கலைமணி குஷியாக நாற்காலியில் ஏறினார். "ரெண்டு அங்குலம் தள்ளி. மணி பத்து பதினாறு. தள்ளுங்க."

ஆணியைப் புள்ளியில் வைத்துச் சுத்தியை ஓங்கினார். கொளஞ்சி இன்னும் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ இடித்தது. போட்டோவில் இளவரசியின் வெறுங்கால். காலுக்குக் கீழே கரடுமுரடான கான்கிரீட். நிமிர்ந்து பார்த்தான். இப்போது அவள் காலுக்குக் கீழே பளபளக்கிற டைல்ஸ்.

"பெரியப்பா, அடிக்காதீங்க!"

போட்ட சத்தத்தில் சுத்தி கலைமணியின் கையைவிட்டே நழுவித் தரையில் விழுந்தது.

"தரை ஏறியிருக்கு! அன்னிக்கு டைல்ஸ் இல்ல. கலவையும் டைல்ஸுமா ரெண்டு அங்குலம் ஏறியிருக்கு. அவ இன்னிக்கு ரெண்டு அங்குலம் ஒசந்து நிக்கறா. கோடு ரெண்டு அங்குலம் கீழ வரணும்."

அவனே இரண்டு புள்ளிகளுக்கும் கீழே அளந்து, புதிதாக இரண்டு புள்ளி வைத்தான். கயிற்றைப் பிடித்துக் கோடு இழுத்தான். வெள்ளைக் கோடு, பென்சில் புள்ளியின் நட்ட நடுவே போயிற்று.

கலைமணி அந்தப் புள்ளியைப் பார்த்தார். கையிலிருந்த நாலு அங்குல ஆணியைப் பார்த்தார். மெல்ல இறங்கி, ஏறி நின்ற நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். இளவரசி கொண்டுவந்த சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் குடித்தார்.

"ஏம்மா தமிழு" என்றார். "நான் பேசி வச்ச ஆளுகிட்ட வேலயக் குடுத்திருந்தா, அவன் காச வாங்கிக்கிட்டு எங்கயோ இருப்பான். காலைலேர்ந்து செவுத்துக்குக் காவலா நின்னு, கோணையாப் போட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுவானா?"

தமிழ்ச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான்.

"தம்பி, நீயே சொல்லு. எங்க அடிக்கட்டும்?"

கோட்டுக்கு ஒரு முழம் மேலே, மூலையிலிருந்தும் சுவிட்சிலிருந்தும் விலகி ஓர் இடத்தைக் கொளஞ்சி காட்டினான். காட்டிவிட்டு மெயினையும் அணைத்து வைத்தான். தொழில்காரன் புத்தி. பத்து இருபத்திரண்டுக்கு ஆணி இறங்கியது. தாய்மாமன் கையால் தேக்குமரக் கடிகாரம் ஏறியது. மெயினைப் போட்டான். கூடத்து விளக்குகள் அத்தனையும் எரிந்தன, யாரோ பாட்டை மறுபடி போட்டார்கள், ஜனங்கள் கை தட்டினார்கள். கொளஞ்சி பின்கட்டுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மறுபடியும் கை தட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் உளியோடு வந்தான். சாக்பீஸ் கோட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூச்சை உடைத்தான். இரண்டாவது அடியிலேயே சாம்பல் நிறம் தெரிந்தது. ஒரு நூல்கூட இப்படி அப்படி இல்லை.

"பாத்தீங்களா மாமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொளஞ்சி திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். உளியை எந்தக் கையில் பிடிப்பது என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

அன்று நாள் முழுக்க உட்கார்ந்து நேராகக் குறுக்கே, நேராகக் கீழே காடி வெட்டினான். புதுப் பைப் போட்டு, மேலே தகரம் பதித்து, வயரைக் கோணப் பைப்பிலிருந்து உருவி இதில் விட்டான். டேப் பிடித்துப் போட்டோ எடுத்தான். மெயின் போர்டுக் கதவில் அதை ஒட்டியவன், பக்கத்திலேயே பழைய போட்டோவையும் ஒட்டினான். கையை உயர்த்திச் சிரிக்கிற போட்டோ.

"அந்தப் பைப்புல வயரே இல்லயே மச்சான். வெறும் பைப்புக்கு எதுக்கு போட்டோ?" என்று இளவரசு கேட்டார்.

"இருக்கட்டும் மாமா. பின்னால யாருக்காவது தேவப்படும்" என்றான் கொளஞ்சி. தை மாதம் கல்யாணம். வந்தவர்கள் கொடுத்த கடிகாரம் இருபத்தியாறு. கலைமணி மட்டும் ஒரு டார்ச் லைட் கொடுத்தார்.

இந்த வருஷம் சிதம்பரத்தில் கொளஞ்சி தன் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தான். பூச்சு நாளை. இன்று சாயங்காலம், செங்கல் சுவரில் நேராக ஏறி நேராகக் குறுக்கே போகிற பைப்புக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு இளவரசி நிற்கிறாள். கையை நேராக மேலே உயர்த்தியிருக்கிறாள். டேப் கீழே, பெட்டியிலேயே கிடக்கிறது.

"மாமா, எடுத்தாச்சா? கை வலிக்குது."

எடுத்து ஐந்து நிமிஷம் ஆகிறது.

"இரு, இன்னும் ஒண்ணு" என்றான் கொளஞ்சி.